பௌர்ணமிக்குத் தெருவைப் பார்க்கும் படங்கள்

பாய்,

இன்று காலை உங்கள் கடையைத் தாண்டும்போது மரத்தூளும் பிரேம் ஒட்டக் காய்ச்சும் வஜ்ரப் பசையும் கலந்த அந்த வாசனை வந்தது. உள்ளே நீங்கள் குனிந்து கண்ணாடி அறுத்துக்கொண்டிருப்பதாகவே நினைத்துவிட்டேன். "என்னா மேஸ்திரி, சித்தாளுங்கள விட்டுட்டு வந்துட்டியா?" என்று கேட்பீர்களே, அதற்காகக் கால் தானாக நின்றது. நீங்கள் கண்ணை மூடி இரண்டு மழைக்காலம் ஆகிறது. எனக்கு எழுத்து வராதது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

கொஞ்ச நாள் முன்னால் உங்கள் கடையில் பெரிய வாக்குவாதம். உங்கள் மகன் அன்வர் மேலே ஒரு டி.வி. மாட்டியிருக்கிறான். அதில் தமிழ் பேசும் வெளிநாட்டுத் தொடர். நாஜிப் பட்டாளம் யூதர்கள் வீட்டுச் சுவர்களிலிருந்து ஓவியங்களை வாரிக்கொண்டு போகிறது. அதில் ஒன்று, ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் படம், பல கை மாறி ஒரு கிழவர் வீட்டுக்கு வந்துவிடுகிறது. அவர் நியாயமாக விலை கொடுத்து வாங்கியவர். படத்தில் இருப்பவளின் பேத்தி வந்து கதவைத் தட்டுகிறாள். அத்தோடு அன்றைய கதை முடிந்தது.

"காசு குடுத்து வாங்குனவரு என்னா பாவம் பண்ணாரு?" என்றாள் எதிரே பூக்கட்டும் சரோஜா.

"திருட்டு வண்டிய தெரியாம வாங்கினாலும் போலீஸ் புடுங்கினுதான் போவான்," என்றான் ஆட்டோக்காரன்.

"குடுத்துடணும்க்கா. அவங்களுக்கு அது பாட்டி. இவருக்கு வெறும் படம்," என்று அன்வர் தீர்ப்பே சொல்லிவிட்டான்.

என் கண்ணுக்கு டி.வி.யிலிருந்த பெண் மறைந்து, உங்கள் சுவரில் இருக்கும் அம்மாள் வந்துவிட்டாள். ஒற்றை மூக்குத்தி, மடியில் குழந்தை. பிரேம் போடக் கொடுத்தவர்கள் திரும்பி வரவே இல்லை. அப்படி விட்டுப்போன படம் எதையும் நீங்கள் விற்றதில்லை. பௌர்ணமி மாலையில், கிரிவலக் கூட்டம் தேரடி வீதியில் நிரம்பும் நேரம், கண்ணாடியைத் துடைத்து எல்லாவற்றையும் தெருவைப் பார்க்கச் சாய்த்து வைப்பீர்கள்.

"ஊரே நடந்து போவுது மேஸ்திரி. தன் ஜனத்து மொகத்த பாத்தா எவனும் நிப்பான்."

நிலா ஏற ஏற அந்தக் கண்ணாடிகளுக்குள் கூட்டம் நடக்கும். படத்தில் இருப்பவர்களும் எழுந்து அவர்களோடு மலையைச் சுற்றக் கிளம்பிவிட்டதுபோல எனக்குக் கண் மயங்கும். ஒருமுறை கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவர் நின்று, செத்துப்போன தம்பியின் படத்தைப் பார்த்து, "டேய், இங்கயாடா இருக்க?" என்று கேட்டாரே. நீங்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

நான் இந்த நினைப்பில் இருக்கும்போதே ரமணாசிரமம் பக்கம் காபிக் கடை வைத்திருப்பவர் வந்தார். கடைச் சுவரில் மாட்டப் பழைய போட்டோ வேண்டுமாம். அம்மாள் படத்தைத் தருவதாக அன்வர் முன்பே தலையாட்டியிருக்கிறான். ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினான்.

"ஏண்டாப்பா, குடுத்துடணும்னு சொன்ன வாயா இது?" என்றாள் சரோஜா. எல்லாரும் சிரித்தார்கள்.

அவன் சிரிக்கவில்லை. "இதுக்கு யாருக்கா வரப்போறாங்க? அத்தா இருக்கும்போதே வரல." பிறகு என்னைப் பார்த்தான். "நீங்க சொல்லுங்க மாமா."

கடை அவனுடையது. நான் யார், சொல்ல? ஆனாலும் அந்த அம்மாள் அவன் கையிலிருந்து என்னையே பார்த்தாள்.

"வர மாட்டாங்கன்னுதான் எனக்கும் தோணுதுப்பா. ஆனா காபிக் கடைக்குள்ள போயிட்டா, வர்றவங்க வந்தாலும் எங்கன்னு தேடுவாங்க? தெருவுல இருக்கட்டுமே."

படத்தை மார்போடு பிடித்தபடியே ஸ்டூலிலிருந்து இறங்கினான். பிறகு ஆள் யாரும் இல்லாத ஒரு மலைப்படத்தைக் கொடுத்து அவரை அனுப்பிவைத்தான்.

நேற்று பௌர்ணமி. நான் போவதற்குள் அம்மாள் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி துடைத்திருந்தது. சொன்னால்தான் செய்வான் என்று நினைத்திருந்தேன். யாரும் நிற்கவில்லை, பாய்.

நானும் கூட்டத்தோடு நடந்தேன். மடியிலிருக்கும் குழந்தைக்கு வலது புருவம் நடுவில் பிரிந்திருக்கும், ஞாபகம் இருக்கிறதா? அந்தக் குழந்தைக்கு இப்போது நரைத்திருக்கும். அடி அண்ணாமலை வரும்வரை, பக்கத்தில் நடந்த நரைத்த தலைகளை எல்லாம் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன்.