ஸ்பானிஷ் தெரியாத கவுன்சிலர்

நவம்பர் 3, திங்கள்

மழை. குளிர்காலத்துக்கென்று மணிக்கூட்டை ஒரு மணி பின்னுக்குத் தள்ளியதில் ஐந்து மணிக்கே இருட்டு. மோர்னிங்சைட்டில் பஸ் வரவே இல்லை. வந்தபோது ஒன்றன்பின் ஒன்றாக மூன்று.

நான் வேலை செய்யும் சமூக நிலையத்தில் திறப்பு விழா. ஸ்பானிஷ் பேசும் இளையோருக்கு மனநலத் திட்டமாம். முகாமையாளர் சுகந்தன் அண்ணை (இனி சு.அ.; முழுப்பெயர் எழுதினால் மைக்குக் கேடு) வாசலில் பெரிய மெக்சிக்கோத் தொப்பி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். சாப்பாடு டாக்கோ. வந்த பிள்ளைகளோ எக்குவடோர், கொலம்பியா, எல் சல்வடோர். தமிழர் எங்களை வரவேற்கிறோம் என்று பட்டர் சிக்கன் வைப்பார்களே, அதே கூத்து.

திங்கள் காலை பதினொரு மணிக்கு விழா வைத்தால் வேலைக்குப் போகிற எந்தப் பிள்ளை வரும்? வந்தவை நாலைந்து. மிச்சமெல்லாம் எங்களைப் போலச் சம்பளத்துக்கு நின்ற ஆட்கள். சு.அ. பேசினார். "தடைகளைத் தகர்ப்போம்." போட்டோ. மறுபடியும் தகர்த்தார், முதல் போட்டோவில் கண் மூடியிருந்ததால்.

நவம்பர் 4, செவ்வாய்

வருகிறவர்களிடம் முதலில் விபரம் எடுப்பது என் வேலை. இன்று யெசெனியா. வயது இருபத்தொன்று. சின்ன வயதில் எக்குவடோரிலிருந்து வந்தவள். ஆங்கிலம் என்னைவிட நன்றாகப் பேசுகிறாள். கேக் தொழிற்சாலையில் வேலை. நின்றபடியே திடீரென்று மூச்சு அடைக்கிறதாம், கை விறைக்கிறதாம். இரண்டு முறை வேலையை விட்டு வெளியே ஓடியிருக்கிறாள். இன்னொரு முறை ஓடினால் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. ஸ்பானிஷ் தெரியாத கவுன்சிலர், மனநல ஆலோசனைக்கு.

"இங்கே ஸ்பானிஷ் பேசுகிற எல்லாருக்கும் என் அம்மாவைத் தெரியும்."

எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எங்களில் ஒரு பெண் மனநல டொக்டரிடம் போய்விட்டுக் கார் தரிப்பிடத்துக்கு வருமுன் அவளுடைய கலியாணப் பேச்சு முறிந்திருக்கும்.

நகரத்துக்கு வெளியே விட்பியில் எங்களோடு சேர்ந்து நடத்துகிற கிளினிக் இருக்கிறது. ஆங்கிலத்தில். புதன் பின்னேரம் ஓர் இடம் காலி. சு.அ. கையெழுத்துப் போட்டால் போதும். மாட்டாராம்.

"அவள் ஸ்பானிஷ் பிள்ளை. அதுக்கெண்டுதானே திட்டமே வந்தது. இங்கிலிஷ் பக்கம் அனுப்பிப்போட்டு எங்கட பக்கக் கணக்கிலை ஆரைக் காட்டுறது?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான். இந்தப் பூசாரிக்கு டை வேறு.

நவம்பர் 5, புதன்

சம்பா அரிசி வாங்க வேண்டும். குசினித் தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது. பனிக்கால டயர் மாற்ற வேண்டும்.

கூட்டம். திட்டத்துக்கு ஒரு "சமூகத்தின் முகம்" தேவையாம். மரிசோல் என்ற அம்மாவைப் பிடித்து வந்து வரவேற்பில் இருத்தியிருக்கிறார் சு.அ. ஸ்பானிஷ்காரரின் தேவாலயத்தில் பாடுகிறவர். பாசமான மனுசி. வாய்தான் மூடாது. அரை மணித்தியாலத்தில் மூன்று குடும்பங்களின் விவாகரத்தை அறிந்துகொண்டேன், நான் கேட்காமலே.

வருகிற பிள்ளைகள் இவவைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும் என்றேன். சு.அ. சிரித்தார்.

"தங்கட ஆளைக் கண்டாத்தான் பிள்ளையளுக்குப் பயம் தெளியும்."

நவம்பர் 7, வெள்ளி

குளிர். மனம் முழுக்க எரிச்சல்.

விட்பி இடம் என்னாயிற்று என்று கேட்க யெசெனியா வந்தாள். கதவைத் திறந்ததுமே மரிசோல் எழுந்து கட்டிப்பிடித்துக் கொஞ்சினா. அம்மாவுடைய பாட்டுக்குழுத் தோழியாம். அம்மா எப்படி என்று ஸ்பானிஷில் கேட்டது எனக்கே விளங்கியது. பிள்ளையின் முகத்தில் இரத்தம் இல்லை. வேலைக்கு விண்ணப்பம் இருக்கிறதா என்று கேட்க வந்தேன் என்றாள். கையில் தின்ன ஒரு பணிஸைத் திணித்து அனுப்பினார்கள். நான் வீதிக்கு ஓடுவதற்குள் பஸ் போய்விட்டது.

உள்ளே வந்தால் சு.அ. பூரித்துப்போய் நிற்கிறார். "பாத்தீரே, எப்பிடி ஒட்டினவை எண்டு!"

இந்த மனிதருக்குக் கண் இருப்பது போட்டோவில் திறந்து வைத்திருக்கத்தான்.

பின்னேரம் அவளுக்குப் போன் அடித்தேன். எல்லாம் நலம் என்றாள், மிகவும் துப்புரவான குரலில். பின்னால் அம்மாவின் குரல் கேட்டது.

நவம்பர் 10, திங்கள்

நேற்று இந்த வருடத்தின் முதல் பனி. சப்பாத்து ஒழுகுகிறது.

யெசெனியாவிடமிருந்து செய்தி. சனிக்கிழமை திரும்பவும் மூச்சு அடைத்ததாம். கழிவறைக்குள் போய் இருந்து சமாளித்தாளாம். மேற்பார்வையாளர் கதவைத் தட்டத் தொடங்கிவிட்டாராம். "இனி முடியாது" என்று முடித்திருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது.

மத்தியானம் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றேன். சு.அ. மனைவியோடு போனில், முதுகைக் காட்டிக்கொண்டு.

"வியாழன் தம்பியை நானே விட்பிக்குக் கூட்டிக்கொண்டு போறன். தூரந்தான். தூரமெண்டபடியாத்தானே அந்தக் கிளினிக்கிலை இடம் பிடிச்சது. ஒரு தமிழ்ச் சனமும் வராது."

தம்பி என்றது மகனை; அவனுக்கு இருபது வயது. பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டவன் என்று தெரியும். அந்தப் பிள்ளை மீது எனக்கு இரக்கம்தான். தகப்பன் மீது துளியும் இல்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

கை துடைத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். கதவைச் சாத்திவிட்டு யெசெனியாவை விட்பிக்கு அனுப்பும் தாளை முன்னால் வைத்தேன்.

"அண்ணை, தம்பிக்கு ஏன் ஒரு தமிழ்க் கவுன்சிலரை ஒழுங்குபண்ணேல்லை?"

சுவரில் தொங்கும் தன் விருதைப் பார்த்தார்.

"அது வேற."

"என்ன வேற எண்டு சொல்லுங்கோ. அவளிட்டைச் சொல்லுறன்."

பேனையை எடுத்தார். எடுத்தவர், அவளுக்கு என்ன கிழமை என்று கேட்டார். புதன் என்றேன், வியாழன் இல்லை. அப்போதுதான் முகம் கொஞ்சம் தெளிந்தது. கையெழுத்து வைத்தார். தாளைத் தரும்போது, "ரிப்போட்டிலை அவளை ஸ்பானிஷ் பக்கந்தான் காட்டவேணும்" என்றார்.

இப்படியும் ஒரு பிறவி.

நவம்பர் 12, புதன்

சேறும் பனியும். டயர் இன்னும் மாற்றவில்லை.

விட்பி தூரமில்லையா என்று யெசெனியாவிடம் காலையில் கேட்டதற்கு, தூரம்தான் வேண்டும் என்று எழுதியிருந்தாள். வேலை முடிந்து நேரே ரயில். அம்மாவிடம் மேலதிக வேலை என்று சொல்லியிருக்கிறாளாம்.

சு.அ. மரிசோலுக்குப் பெயர் அட்டை அடித்துக் கொடுத்தார். கழுத்தில் மாட்டப் பட்டுப்பட்டியோடு.

இரவு ஏழரைக்கு யெசெனியா போன் அடித்தாள், ரயில் மேடையிலிருந்து. மூக்கு அடைத்த குரல். ஸ்பானிஷ் பேசுகிற ஆள் வேண்டுமா என்று கிளினிக்கில் முதலில் கேட்டார்களாம். வேண்டாம் என்றாளாம். ஏன் என்று கேட்கவில்லையாம். சரி என்று அவளை உள்ளே இருத்திக் கதவைச் சாத்தினார்களாம். அதற்குப் பிறகுதான் அழுதாளாம்.