கரியனின் கயிறு

ஜூன் 3

அப்பாவைச் சக்கர நாற்காலியில் லாயத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். வாதம் வந்து இடது பக்கம் விழுந்ததிலிருந்து காலையில் முதல் வேலை இதுதான். எல்லாக் குதிரைகளையும் பார்த்த பிறகுதான் காபி. வாய்தான் கோணிவிட்டது, வசவு கோணவில்லை. இன்று சக்கரம் சாணத்தில் சிக்கியது. குதிரை வாங்க வந்திருந்த புருஷன் பெண்டாட்டி முன்னால், "சம்பளமில்லாத வேலைக்காரி, வேற எப்படி இருக்கும்?" என்றார். அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஜூன் 7

தம்பி போனை எடுக்கவில்லை. உயிலில் பண்ணை அவன் பேரில். குதிரை வாடையே ஆகாது என்று ஓடிப்போனவன் பேரில். "அவன் வர்ற வரைக்கும் நீ பாத்துக்க" என்கிறார் அப்பா. எத்தனை வருஷமாகப் பார்த்துக்கொள்கிறேன்?

ஜூன் 15

எங்கள் கறுப்புக் குதிரை கரியன் வலது முன்னங்காலை ஊன்றத் தயங்குகிறான். அப்பாவின் உயிர் அவன். மருமகனை, கால்நடை டாக்டருக்குப் படித்த என் வீட்டுக்காரரை, 'ஊசி' என்று கூப்பிடுகிறவர், கரியனை மட்டும் 'ராசா' என்பார்.

இவர் குளம்பைத் தூக்கி மடியில் வைத்து நெடுநேரம் அழுத்திப் பார்த்தார்.

"ஆறு மாசம் ஓய்வு கொடுத்தா நடக்கும். ஓடாது. நடக்கும்."

அப்பா முகத்தில் பயம். இத்தனை வயதில் முதல் தடவை பார்க்கிறேன். பார்க்க நன்றாக இருந்தது.

ஜூன் 16

பன்னிரண்டு வயதில் எனக்கு ஒரு மட்டக்குதிரை இருந்தது. மலிவாக வந்ததால் அப்பா அதற்கு 'சில்லறை' என்று பேர் வைத்தார். அதற்குக் கால் போனபோது கயிற்றை என் கையிலேயே கொடுத்தார். "ஓடாததுக்குத் தீனி கிடையாது. அசையாம பிடி." பிடித்தேன். துப்பாக்கி வெடித்ததும் கயிற்றை விட்டுவிட்டேன். அதற்குக் கன்னத்தில் ஓர் அறை வேறு.

அந்தச் சட்டம் ராசாவுக்குக் கிடையாதா?

ஜூன் 18

சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். "கரியனை முடிச்சிடலாம்ப்பா. ஓடாததுக்குத் தீனி கிடையாதுன்னு நீங்கதானே சொல்வீங்க."

இவர் தட்டைத் தள்ளி வைத்தார். "பிழைக்கிற உயிருக்கு நான் ஊசி போட மாட்டேன். அவர் மேல கோவம்னா அவரோட சண்டை போடு. அது என்ன பண்ணுச்சு?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கெஞ்சட்டும் என்று காத்திருந்தேன். கெஞ்சியிருந்தால் விட்டிருப்பேனா? விட்டிருப்பேன் — இல்லை. தெரியவில்லை.

வேறு டாக்டருக்குப் போன் போட்டேன்.

ஜூன் 20

வந்த டாக்டர் எதையும் கேட்கவில்லை. கயிற்றை அப்பாவின் வலது கையில் திணித்தேன். "அசையாம பிடிங்க."

கரியன் அவர் சட்டைப் பையில் மூக்கை விட்டுத் துழாவினான். கயிற்றை மடியில் வைத்துவிட்டு ஒரு சர்க்கரைக் கட்டியை எடுத்துக் கொடுத்தார். திரும்பக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். அவன் மென்றுகொண்டிருக்கும்போதே ஊசி இறங்கியது, கால்கள் மடங்கின. கடைசிவரை கயிறு அசையவில்லை.

அழுவார்னு நெனச்சேன். ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு விட்டிருந்தா போதும், எனக்கு ஆறியிருக்கும். கிழவன் நிமிர்ந்து என்னைப் பாத்து, "இப்பத்தான் நீ என் பொண்ணு"ங்கறார்.

இந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு ஏங்கியிருப்பேன். கேட்டதும், எழுதவே கூசுது, சந்தோஷமா இருந்துச்சு.

ஜூன் 21

இவர் பாயை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார்.

ஜூன் 29

இவர் கிளம்பிவிட்டார். கடைவீதிக்குப் பின்னால் ஓர் அறை எடுத்திருக்கிறாராம். நாய் பூனை வைத்தியம் இனி அங்கேதானாம். ஊருக்குப் போனவர்கள் பார்த்துக்கொள்ளச் சொல்லி எங்களிடம் விட்டுவைத்திருந்த நாய்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். எதுவும் குரைக்கவில்லை, அவருக்குப் பின்னாலேயே போய் ஏறிக்கொண்டன.

வாசலில் நின்று ஒன்றே ஒன்று கேட்டார். "நாளைக்கு எனக்குக் கால் போனா என்ன பண்ணுவ?"

"பைத்தியம் மாதிரி பேசாதீங்க."

"நான் கேட்டதுக்கு இது பதில் இல்ல."

ஜூலை 14

வக்கீல் வந்தார். உயிலில் பண்ணை என் பேருக்கு மாறுகிறது. வருகிறவர்களிடமெல்லாம் அப்பா, "இங்க எல்லாம் இவதான்" என்கிறார். தம்பி தானாகவே போன் பண்ணினான். நான் எடுக்கவில்லை.

ஜூலை 22

இவருக்குப் போன் போட்டேன். உதவிக்கு வைத்திருக்கும் பெண் எடுத்தாள். "டாக்டர் ஆபரேஷன்ல இருக்காரு, நாயா பூனையா?" என்றாள். வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 2

கிழட்டுப் பெட்டைக்குதிரை பின்னங்காலை இழுத்து இழுத்து நடக்கிறது. லாயத்திலிருந்தே, கரியனுக்கு வந்த டாக்டருக்குப் போன் போட்டேன். நாளைக் காலை வருகிறார்.

அப்பா நாற்காலியில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "ரெண்டு நாள் பாக்கலாமே. பாவம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அவர் வாயில் இந்தச் சொல்லை இதுவரை நான் கேட்டதில்லை. மரத்துப்போன இடது காலைக் கையால் தூக்கி, மிதிபலகையில் நேராக வைத்துக்கொண்டார்.

"ஓடாததுக்கு ரெண்டு நாள் எதுக்குப்பா?" என்றேன்.