ஒரே வாயாய்ச் சொன்ன சாட்சி

கிஸ்ஸி, ஃப்ரீடவுன்
1828 ஆகஸ்ட்

என் செல்ல மகன் அகின்லாபிக்கு அப்பா ஓகுன்பியி எழுதுவது. லண்டன் குளிரில் நீ உடம்பு கெடாமல், இருமல் திரும்பி வராமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை போனது, பொய் எதற்கு என்று நிறுத்திவிட்டேன். மழை இந்த வருஷம் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது, கூரையின் கிழக்கு மூலை ஒழுகுகிறது. பக்கத்து வீட்டு லாடிபோ போன மாசம்கூட, கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் ஐயா பேசியே ஓட்டையை அடைச்சிருவாரே, களிமண்ணு எதுக்குன்னு கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தான். முந்தாநாள் ஏணியைக் கொண்டுவந்து சாத்தி ஏறி, ஒரு வார்த்தை பேசாமல் பாதி அடைத்துக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனான். அவன் கிண்டல் பண்ணியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

ரெண்டு மாசம் முன்னால் ஒரு கடிதம் போட்டேனே, உன் தங்கை ஐனா கிடைத்துவிட்டாள் என்று, அது இந்நேரம் உன் கைக்கு வந்திருக்கும், நீயும் கூத்தாடியிருப்பாய். நான் கொஞ்சம் பொறுத்து எழுதலாம் என்றுதான் இருந்தேன், உன் அம்மாதான் விடவில்லை, கப்பல் கிளம்புது, இன்னிக்கே எழுதுங்க, பிள்ளை ஏழு வருஷமா ஏங்கிக் கிடக்கான்னு என் கையில் பேனாவைத் திணித்தாள். அந்தக் கடிதத்தில் எழுதினது எல்லாம் உண்மைதானடா. நம் ஊர் எரிந்த அன்று ஒன்பது வயசில் நம் கையை விட்டுப் போனவள், ஏழு வருஷம் உள்நாட்டில் யார் யார் வீட்டிலோ தண்ணீர் சுமந்து, கடைசியில் ஏகோ கடற்கரையில் பிரேசில்காரன் கப்பலில் ஏற்றப்பட்டு, அந்தக் கப்பலை இங்கிலீஷ் போர்க்கப்பல் பிடித்து இங்கே நம் துறைமுகத்துக்கே இழுத்து வந்தது. விசாரணைக்கு முன்னால் யார் என்ன பாஷை என்று பார்த்து வர என்னை அனுப்பினார்கள். நான் கீழ்த்தட்டில் குனிந்து நம் பேச்சில் யாரம்மா இருக்கீங்க என்று கேட்க, ஒரு பெண் அப்பா என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவளே இடது மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள், சின்ன வயசில் நீ அக்கரா வடை சுடும் சட்டியைத் தட்டிவிட்டு அவள் கையில் எண்ணெய் கொட்டினாயே, அந்தத் தழும்பு. அண்ணன் இன்னும் அப்படித்தான் பதறிப் பதறி வேலை செய்யறானா என்று கேட்டாள். அந்த இருட்டில், அந்த நாற்றத்தில், முந்நூறு பேர் நெருக்கத்தில் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

இந்தக் கடிதம் அதற்குப் பின்னால் நடந்ததைச் சொல்ல. உட்கார்ந்து படி, நின்றுகொண்டு படிக்காதே.

நம்மை ஏற்றின கப்பலையும் இப்படிப் பிடித்து வந்து நம்மை விடுவித்தபோது நீ சின்னப் பையன், கோர்ட்டு எப்படி நடக்கும் என்று உனக்கு ஞாபகம் இருக்காது. ரெண்டு ராஜாக்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு இங்கிலீஷ் நீதிபதி ஒருவரும் பிரேசில் நீதிபதி ஒருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வார்கள். கடலில் ஒரு கோடு இருக்கிறதாம். கோட்டுக்கு வடக்கே ஆளை ஏற்றினால் குற்றம், கப்பலும் போகும், ஏறினவர்களுக்கு விடுதலை. கோட்டுக்குத் தெற்கே ஏற்றினால் வியாபாரம், பிடித்தவர்கள் மன்னிப்புக் கேட்டுக் கப்பலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், சரக்கோடு. சரக்கு என்றால் யார் என்று உனக்குத் தெரியும். அந்தக் கப்பல்காரனின் காகிதத்தில் எல்லாரையும் தெற்கே மலெம்போவில் ஏற்றியதாக எழுதி முத்திரை குத்தியிருந்தது. கோட்டுக்கு வடக்கே இருக்கிற ஏகோவில்தான் ஏற்றினார்கள் என்று ஏறினவர்கள் வாயால் வர வேண்டும், நீதிபதிகள் நம்ப வேண்டும். நம் பிள்ளை வீட்டுக்கு வருவது அந்த ஒன்றில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் அவள் என் மகள் என்று கோர்ட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் என்னை நீக்கிவிட்டு வேறு ஆளைப் போடுவார்கள், அவன் குளறிவிடுவான் என்று பயம். உன் அம்மா மட்டும் தினம் அக்கரா சுட்டுக் கூடையில் வைத்துக்கொண்டு துறைக்குப் போவாள், படகோட்டிகளைக் கெஞ்சிக் கப்பலுக்கு அனுப்புவாள். எவ்வளவு போய்ச் சேர்ந்ததோ. ஐந்து வாரம் அவர்களைக் கப்பலிலேயே வைத்திருந்தார்கள், அதற்குள் பதினெட்டுப் பேர் செத்தார்கள். ஒவ்வொரு தடவை கரைக்குப் பிணம் வரும்போதும் உன் அம்மா ஓடிப் போய் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு வருவாள்.

இப்போது என் புத்தியைச் சொல்கிறேன். நம் ஊரில் வழக்கு என்றால் எப்படி? ஒரு வீட்டார் தலைவர் முன்னால் போனால் பெரியவரிலிருந்து சின்னவர் வரைக்கும் ஒரே பேச்சு, வார்த்தை மாறாமல் பேசுவோம். ஆளுக்கு ஒன்று சொன்னால் அந்த வீடு பொய் சொல்கிறது என்று அர்த்தம். என் அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்தது அது, ஐம்பது வயசு வரைக்கும் நான் அதை ஒரு தடவைகூட யோசித்துப் பார்த்தது இல்லை. கப்பலுக்குப் போன மூன்று தடவையும் சாட்சிக்கு எடுத்த ஐந்து பேருக்கும் உட்கார்ந்து பாடம் வைத்தேன். எங்களை ஏகோவில் ஏற்றினார்கள், உப்பங்கழி வழியாகப் படகில் வந்தோம், ஏறின நாலாம் நாள் போர்க்கப்பல் பிடித்தது, அவ்வளவுதான். நம் ஊர்ச் சத்தியப்படி விரலால் தரையைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு இதைச் சொல்லுங்கள், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம் என்றேன். உண்மையைத்தானே சொல்லிக் கொடுக்கிறோம் என்று எனக்குப் பெருமைவேறு.

ஐனா அப்போதே சொன்னாள். அப்பா, நான் வேற ஒண்ணு பார்த்தேன், ஏகோ கரையில படகு அலை தாண்டும்போது கப்பல்காரனோட பெரிய வைக்கோல் தொப்பி தண்ணியில விழுந்துருச்சு, அவன் எட்டிப் பிடிக்கப் போய்க் குப்புற விழுந்தான், கையைக் கட்டியிருந்தும் நாங்க எல்லாரும் சிரிச்சோம், அடி விழுந்தது, அதையும் சொல்லட்டுமா என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? தொப்பிக் கதையெல்லாம் கோர்ட்டுல சொன்னா சிரிப்பாங்கம்மா, அப்பா சொன்னதை மட்டும் சொல்லு. சரிப்பா என்றுவிட்டாள். ஏழு வருஷம் கழித்து அப்பா சொன்ன முதல் சொல், அவள் எப்படி மீறுவாள்?

விசாரணை அன்று முதல் ஆள் சொன்னான், எழுதிக்கொண்டார்கள். இரண்டாம் ஆள் சொன்னதும் கப்பல்காரனின் வக்கீல் தலை நிமிர்ந்தான். மூன்றாவது ஆள் வாயைத் திறந்ததும் நான் இங்கிலீஷில் சொல்லும் முன்னாலேயே அந்த வக்கீலே மிச்சத்தைச் சொல்லி முடித்தான், எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லையடா. நம் பக்கம் எவ்வளவு உறுதியாக நிற்கிறது பார் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் இருந்தேன். கடைசியாக ஐனா. அவளும் அதே வார்த்தை. அந்த இங்கிலீஷ் நீதிபதி நல்ல மனுஷன், அவருக்கு ஏறினவர்களை விடுவிக்கத்தான் ஆசை, பேனாவை வைத்துவிட்டு, வேறு ஏதாவது, உன் கண்ணால் பார்த்தது, எவ்வளவு சின்னதானாலும் சரி, சொல்லம்மா என்றார். நான் அதை நம் பேச்சில் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். எதிரே கப்பல்காரன் தலைக்குப் பத்தாத ஏதோ மாலுமியின் பின்னல் குல்லாயைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றான். தொப்பி போனதற்குச் சாட்சியாக அந்தக் குல்லாய் என் கண்ணில் பட்டது, பட்டும் என்ன? நான் அவளுக்கு மெல்லத் தலையசைத்தேன், சொன்னதையே சொல் என்று. விரலால் தரையைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு மறுபடியும் அதையே சொன்னாள், எழுத்துப் பிசகாமல்.

சாட்சிகள் யாரோ சொல்லிக் கொடுத்துப் பேசியிருக்கிறார்கள், ஏற்பதற்கில்லை, கப்பல்காரனின் காகிதம்தான் நிற்கும் என்று தீர்ப்பு. அப்போது நான் கத்தினேன், அவள் என் மகள் என்று கத்தினேன். இதை முன்னாடியே சொல்லியிருந்தா உன்னை அந்தப் பக்கமே விட்டிருக்க மாட்டோமே என்று குமாஸ்தா என் தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார். அவரும் கடிந்து பேசவில்லை, பாவம் பார்த்துத்தான் பேசினார். வேலை போயிற்று. மூன்றாம் நாள் காலை கப்பல் கிளம்பியது. ரெண்டு ராஜாக்களின் காகிதத்துக்குக் கட்டுப்பட்டுப் போர்க்கப்பல்காரர்களே துறைமுக வாய் வரைக்கும் வழிவிட்டு அனுப்பிவைத்தார்கள். உன் அம்மா வழக்கம்போலக் கூடையோடு போனாள், நிறைந்த கூடையோடு திரும்பி வந்தாள். அதை அடுப்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தாள். அதற்குப் பின் இன்றோடு பதினோரு நாள், என்னிடம் பேசவில்லை. சாப்பாட்டை வைக்கிறாள், எடுக்கிறாள். திட்டக்கூட மாட்டேன் என்கிறாள்.

கவர்னர் வீட்டு வாசலில் நின்று பார்த்தேன், பாதிரியாரைப் பிடித்து மனு எழுதினேன். நீ அங்கே பெரிய இடத்து வாசலுக்குப் போய்ப் பார் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எண்ணிப் பார்த்தேனடா. இந்தக் கடிதம் உன்னிடம் வர ரெண்டு மாசம் ஆகும், பிரேசிலுக்கு ஒன்றரை மாசம் போதும். நீ இதைப் படிக்கும்போது அவளை எந்தச் சந்தையில் எந்தப் பேர் வைத்து யார் கொண்டுபோனார்கள் என்று கேட்கக்கூட ஆள் இருக்காது. நீ போக வேண்டாம், படிப்பைப் பார். போனாலும் அவர்கள் நல்லபடியாகத்தான் பேசுவார்கள், அந்த ராஜாக்களின் காகிதத்தை எடுத்துக் காட்டுவார்கள்.

முதல் கடிதத்துக்கு நீ பதில் போட்டிருப்பாய். அதில் தங்கைக்கென்று நாலு வரி எழுதியிருப்பாய், எண்ணெய் கொட்டியதற்கு மன்னிப்புக்கூடக் கேட்டிருப்பாய், எனக்கு உன்னைத் தெரியாதா? அது நவம்பர் வாக்கில் வந்து சேரும். உன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதை நான்தான் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும், எனக்குத் தெம்பு இருக்குமா தெரியவில்லை.

கம்பளிச் சட்டையைக் கழற்றாதே, ஈரக் காலோடு தூங்காதே. நம் முன்னோரும், நீ கும்பிடுகிற சாமியும் உன்னைக் காப்பாற்றட்டும், உன் ஆயுசு நீளட்டும். இந்த வரி எழுதிக்கொண்டிருக்கும்போது உன் அம்மா வந்து பக்கத்தில் நின்றாள். பதினோரு நாளில் முதல் தடவை வாயைத் திறந்து பேசினாள், அதை அப்படியே எழுதுகிறேன். அவனுக்கு ஐனாவைப் பத்தி என்னென்ன ஞாபகம் இருக்கோ, சின்னது பெரிசு எல்லாத்தையும் எழுதி அனுப்பச் சொல்லுங்க, என்ன எழுதணும்னு மட்டும் நீங்க அவனுக்குச் சொல்லிக் குடுக்காதீங்க.

சொல்லிக் கொடுக்கவில்லை, அகின்லாபி. உனக்கு ஞாபகம் இருப்பதை எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா ஓகுன்பியி,
உன் அம்மா மொரேனிகே பக்கத்தில் நிற்க எழுதியது.