ஞாயிற்றுக்கிழமைகளில் குறைத்த கரண்ட்

சேக்காடு,
புதன்கிழமை

அன்பு மகள் கனிமொழிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரன் ரோஹித்தும் சுகமாக இருக்கக் கருமாரியை வேண்டிக்கொள்கிறேன், இங்கேயும் சுகம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை. உன் அப்பா ஞாயிறு சாயங்காலம் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது, நேற்று ஆபரேஷன் ஆனது, உயிருக்குப் பயமில்லை. போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன், இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பும்படி பக்கத்து வீட்டு ஷம்ஷாத்திடம் சொல்கிறேன்.

போன வருஷம் நடுக்குவாதத்துக்காகத் தலையில் கம்பியும் நெஞ்சில் பேட்டரியும் வைத்த பிறகு அவருக்குக் கை நடுக்கம் நின்றது, சட்டைப் பொத்தானைத் தானே போட்டார், ஆனால் பேச்சு போய்விட்டது, எது கேட்டாலும் சுவரைப் பார்ப்பார். டாக்டரம்மா மூளைப் படம் காட்டினார். முன்பு பல இடங்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்து ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டிருந்ததாம், பேட்டரிக் கரண்ட் அந்தப் பிடியைத் தளர்த்தியதால் கை வந்ததாம், பேச்சுக்குப் போகிற இணைப்பும் பக்கத்திலேயே ஓடுவதால் அதையும் தொட்டுவிட்டதாம். நம் தெருவில் ஒரு வீட்டு மோட்டார் ஓடினால் இன்னொரு வீட்டு லைட் மங்குமே, அப்படி என்று புரிந்துகொண்டேன். கூட்டிக் குறைக்க ஒரு ரிமோட் கொடுத்தார்கள். ஊட்ல படிச்சவங்க யாராவது இருந்தா வரச் சொல்லும்மா என்றாள் நர்ஸ். எனக்குச் சுருக்கென்றது. ஐந்தாவதுதான் படித்தேன், ஆனால் உன் காலேஜ் ஃபாரம் வரை நிரப்பியவள் நான். என்னிடமே சொல்லு என்று உட்கார்ந்து இரண்டே தடவையில் கற்றுக்கொண்டேன். கேட்காமல் தொடாதே என்று சொன்னதை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை.

தை மாசத்திலிருந்து ஞாயிறுகளில் அப்பா உன்னிடம் பேசினாரே, ரோஹித்துக்கு ஃபேக்டரிக் கதை சொன்னாரே, மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டாயே, அது மருந்து இல்லை கண்ணு. நீ கூப்பிட ஒரு மணி நேரம் முன்னால் கரண்டைக் குறைத்துவிடுவேன். பேச்சு வரும், ஆனால் கை ஆடும், துண்டுக்குள் வைத்துக்கொள்வார், நான் போனை முகத்துக்கு மட்டும் பிடிப்பேன், நீ வைத்ததும் கூட்டிவிடுவேன். முதலில் நானாகத்தான் செய்தேன், அப்புறம் ஞாயிறு வந்தால் அவரே ரிமோட்டைக் காட்டுவார். இந்த ஞாயிறு நீ வைத்த நேரம் தண்ணி லாரி வந்தது, கூட்டாமலே குடத்தோடு ஓடிவிட்டேன். பாத்ரூம் போக எழுந்திருக்கிறார், கால் தரையோடு ஒட்டிக்கொள்ள உடம்பு மட்டும் முன்னால் போய்விட்டது. ஷம்ஷாத்தான் ஓடி வந்து தலையைத் தாங்கினாள்.

டாக்டரம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். திட்டவில்லை, ரிமோட்டை வாங்கி வைத்துக்கொண்டார். இனி குறைத்தால் எழுந்து நடப்பதே கஷ்டம், பேச்சுக்குப் பயிற்சி கொடுக்கலாம், பழையபடி வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். கூட்டியே வைக்கச் சொல்லிவிட்டேன். ஆபரேஷனுக்காகக் குறைத்திருந்தபோது உன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஒரே ஒரு ஞாயித்துக்கெழம கொறச்சி வுடு லோகு, பாப்பாகிட்ட சொல்லிக்கினு வந்துர்றேன்" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆகவே இனி நீ கூப்பிட்டால் உன்னைப் பார்த்துக்கொண்டு சும்மா படுத்திருப்பார். மறந்துவிட்டார் என்று நினைக்காதே, எல்லாம் தெரிகிறது. பதில் வராவிட்டாலும் நீ பேசு, சீக்கிரம் வைத்துவிடாதே. என்மேல் கோபம் இருந்தால் என்னோடு மட்டும் வைத்துக்கொள், அவர் காதில் போடாதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருங்கள். வரும் ஞாயிறு மறக்காமல் கூப்பிடு.

உன் அம்மா,
அ. லோகநாயகி