அப்பாவின் மின்தொகுப்புக்கு ஒரு சாட்சி

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா சொல்லச் சொல்ல வாலு எழுதுவது. நீ அங்கே உடம்பும் மனசுமாக நன்றாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதச் சொன்னேன், அந்த வரியை நீயே எழுதிக்கொள் என்று பேனாவை என் கையில் திணிக்கிறாள் உன் தங்கை. (அண்ணா, அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் நான். கண்ணாடி இல்லாமல் அம்மாவுக்கு அடைப்புக்குறி தெரியாது.) பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவின் வலது கை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி மடியிலேயே கிடக்கிறது. தண்ணீர் வேண்டுமென்றால் கதவு என்கிறார், அது தப்பு என்று அவருக்கே தெரிகிறது, அதுதான் கொடுமை. நம் கட்டடத்து லிஃப்ட் வேறு நின்றுவிட்டது. அதன் கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறார், கோளாறு புரிந்துவிட்ட முகம், சொல்ல வார்த்தை இல்லை. (எங்களுக்குத் தலையில் படிப்பு ஏறாவிட்டாலும் காலில் படி ஏறுகிறது.)

லிஃப்ட் மெக்கானிக் வேலையோடு இந்த வயதிலும் பயிற்சி மையத்தில் படித்துக்கொண்டே அவர்களுடைய இணையதளத்தில் ஒரு மின்தொகுப்பு சேர்த்து வைத்தாரே, அவர் லிஃப்ட் பழுது பார்க்கிற வீடியோவும், இன்று என்ன கற்றேன், எங்கே தப்பு விட்டேன் என்று அவரே பேசிப் பதிந்ததும். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்தான் அதைப் போட்டுக் காட்டச் சொன்னாள். இப்போது எழுந்ததும் அதுதான். கம்பிக்கயிறு தேய்ந்ததைக் கண்டுபிடிப்பது எப்படி என்று திரையில் அவர் சொல்ல, இவர் அந்த வாயைப் பார்த்து வாயை அசைக்கிறார். கயிறு என்ற சொல் அப்படித்தான் திரும்பி வந்தது. ஒருநாள் திரையைக் காட்டி யாரு என்று கேட்டார். நீங்கதான் என்றேன், நம்பவில்லை. "நல்ல ஆளு" என்றார். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

வருஷத்துக்கு ஒரு புதுப் பாடமாவது சேராவிட்டால் தொகுப்பை மூடிவிடுவார்களாம், இந்த மாதக் கடைசிதான் கெடு. மையத்துக்குப் போய்க் கேட்டேன். அங்கிருந்தவர் நல்ல மனுஷன்தான், ஆனால் கற்றுக்கொண்டே இருப்பவர்களுக்குத்தான் இதும்மா, விதியை மாற்ற நான் யார் என்றார். வீடியோவில் அவர் வேலை பார்த்த நிறுவனத்து இயந்திர அறை தெரிவதால் நம் போனில் இறக்கி வைத்துக்கொள்ளவும் விடவில்லை. ஓடுகிற திரையை வாலு போனில் படம் பிடித்துப் பார்த்தாள், குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வந்தது, அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதனால் அவர் இடது கையால் சட்டைப் பொத்தான் போடப் பழகுவதைப் படம் பிடித்துப் புதுப் பாடம் என்று சேர்த்திருக்கிறோம். (லிஃப்ட் பொத்தானுக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவர் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டுகிறார். சிரிப்பாக எழுதப் பார்த்தேன், வரவில்லை.) மையத்தில் பதிவுள்ள, அதே தொழில் செய்கிற ஒருவர் அதை முழுக்கப் பார்த்துக் கருத்துச் சொன்னால்தான் ஏற்றுக்கொள்வார்கள். அவரோடு வேலை பார்த்தவர்களில் பதிவுள்ளவன் நீ ஒருவன்தான். (யார் திறந்தார்கள், எதுவரை பார்த்தார்கள் என்று தொகுப்பு காட்டிக்கொடுத்துவிடும் அண்ணா. நீ திறக்கிறாய், இரண்டாவது பொத்தான் வருவதற்குள் மூடிவிடுகிறாய்.)

நீ ஏன் வீடியோவில் பேச வருவதில்லை என்று தெரியாதவள் இல்லை நான். அதனால் அந்தப் பொத்தான் பாடத்தில் என்ன இருக்கிறது என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிப் பொத்தான் வரை போடுவார், ஒரு ஓட்டை தள்ளிப் போயிருக்கும். எல்லாவற்றையும் கழற்றுவார், மறுபடி போடுவார், மறுபடியும் ஒரு ஓட்டை தள்ளித்தான் இருக்கும். பிறகு நிமிர்ந்து பார்த்து "சரியா" என்பார். அவ்வளவுதான். சரிதான் என்று நாங்கள் இருவரும் சொன்னோம், தலையை ஆட்டி மறுத்துவிட்டார், உங்களுக்கு என்ன தெரியும் என்கிற பார்வை. உனக்கு வேலை பழக்கியபோது ஒரு தடவையாவது சும்மா சரி என்று சொல்லியிருக்கிறாரா? நீயும் சொல்லாதே. ஒரு ஓட்டை தள்ளிப் போயிருக்குப்பா, கழற்றிட்டு இன்னொரு தடவை போடுங்க என்று சொல். எழுதி அனுப்பாதே, உன் வாயால் பேசிப் பதிந்து அனுப்பு. அந்தக் குரலை இன்னும் அவர் மறக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. உயரத்தில் நிற்கும்போது இடுப்புப் பட்டையைக் கழற்றாதே. எந்த மாடிக்குப் போனாலும் முழுசாக இறங்கி வர வேண்டும், அதுதான் என் ஆசி. மாதக் கடைசிக்கு முன்னால், கண்ணா.

இப்படிக்கு,
உன் அம்மா
(எழுத்துப் பிழைகள் மட்டும்: வாலு)