பேனாவில் போட்ட கேள்விக்குறி

தோர்ன்கிளஃப், யார்க்‌ஷயர்
20 செப்டம்பர் 1987

அன்புள்ள பெரில்,

நலம்தானே? அணைக்கு ஆள்காட்டிக் குருவிகள் வந்துவிட்டன. கிளுவை வாத்து நாற்பத்தொன்று. மரக்குடிலில் உன் நாற்காலி காலியாகவே கிடக்கிறது. முப்பது வருஷம் ஒன்றாகப் பறவை பார்த்தவர்கள் நாம். போன அக்டோபரிலிருந்து நீ அந்தப் பக்கமே வரவில்லை. கோபம் போதாதா?

கிளைவ்

8 அக்டோபர் 1987

என் அருமைப் பெரில்,

பார்த்துவிட்டேன்! நேற்றைய புயலுக்குப் பிறகு இன்று காலை, அணைக்கரை ஓரம், உன் பறவை! கைக்குள் அடங்குகிற அந்தச் சாம்பல் கடற்பறவை பம்பரமாகச் சுற்றிச் சுற்றிப் பூச்சி பொறுக்கியது. நான் குடிலுக்கு வெளியே வந்து குதித்தேன், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு!

போன வருஷம் நீ இதையேதான் சொன்னாய். நான் என்ன சொன்னேன்? "கண்ணாடியத் துடைச்சுட்டுப் பாரு பெரில், அது தெர்மாகோல் துண்டு." அதோடு விட்டேனா? பார்த்த பறவைகளை நாம் எழுதிவைக்கும் குடில் நோட்டில், நீ எழுதிய வரிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி வேறு. சந்தேகத்தைப் பென்சிலில் போடுவதுதான் நம் வழக்கம். நான் பேனாவில் போட்டேன். அது அழியாது. அதனால் அதன் கீழே "நான் ஒரு கழுதை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இன்று என்னோடு யாரும் இல்லை. "நானும் பார்த்தேன்" என்று இரண்டாவது ஆள் நோட்டில் எழுதாவிட்டால் என் பறவையும் செல்லாது. அது போனால் போகட்டும். நீ வந்தால் போதும்.

வெட்கத்துடன்,
கிளைவ்

10 அக்டோபர் 1987

கிளைவ்,

கண்ணாடியத் துடைச்சியா?

ஒரு வருஷமாக எதிர்க்கரை வில்லோ மரத்தடியில் உட்கார்ந்துதான் பார்க்கிறேன். உன் முகத்தில் விழிக்கக் கூடாது என்று வைராக்கியம். அங்கே குடில் இல்லை, ஒரே ஈரம், சளி விடவேயில்லை. அந்தப் பறவையை உனக்குப் பத்து நிமிஷம் முன்பே பார்த்துவிட்டேன். நீ குதித்ததையும் பார்த்தேன். சிரித்த சிரிப்பில் தண்ணீரிலிருந்த நாமக்கோழிகளெல்லாம் பறந்துவிட்டன.

நேற்று நீ இல்லாத நேரம் பார்த்துக் குடிலுக்குப் போனேன். உன் பறவைக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு ரப்பரோடு வருகிறேன். தேநீரில் சர்க்கரை போட்டு எடுத்து வா.

"நான் ஒரு கழுதை" என்ற வரிக்குக் கீழே மட்டும் உடனே எழுதிவிட்டேன், பேனாவில்:

"நானும் பார்த்தேன்."

பெரில்