வதனியின் மணிக்கட்டு

12.8.92, புதன்
சோளகக் காற்று ஓயவில்லை. வீடெல்லாம் புழுதி. இரண்டு தரம் கூட்டியாயிற்று.

பின் அறையில் குடியிருக்கும் சரோவின் மகள் வதனி. வயது ஒன்பது. பேச்சில்லை, கூப்பிட்டால் திரும்பமாட்டாள், தண்ணீரைக் கண்டால் ஓடுவாள். இன்று வலது மணிக்கட்டில் சிவந்த கோடு.

"என்னது பிள்ளை?" சரோவைக் கேட்டேன்.

"நுளம்பு கடிச்சது, அன்ரி."

நுளம்பு வளையம் போட்டுக் கடிக்குமா? தெல்லிப்பழையிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவள் என்று இரங்கி அறை கொடுத்தேன். விசாரிக்காமல் விட்டது என் பிழை. கவனிக்க வேண்டும்.

13.8.92, வியாழன்
சரோ சங்கக்கடைக்கு, நிவாரண அரிசி வரிசைக்கு. அறை பூட்டு. உள்ளே முனகல். யன்னலால் பார்த்தேன். பிள்ளை கட்டில் காலோடு, பழைய சேலைத் துண்டால் மணிக்கட்டில் கட்டு. என் வீட்டில்!

வந்ததும் பிடித்தேன்.

"ஆடோ மாடோ, கட்டி வைக்க?"

"வரிசையிலை கொண்டு நிண்டால் பேய் பிடிச்ச பிள்ளையெண்டு சனம் விலகுது. விட்டிட்டுப் போனால் கிணத்துக்கைதான் தேடோணும்."

ஷெல் விழுந்து கிணற்றுக் கட்டின் ஒரு பக்கம் போனது உண்மை. சீமெந்து எங்கும் இல்லை.

"நாளைக்கு என்னட்டை விடு. நான் ஆறு பிள்ளை வளத்தனான்."

"அதுகள் கூப்பிடத் திரும்பின பிள்ளையள், அன்ரி."

வாய்த்துடுக்கு.

14.8.92, வெள்ளி
கடும் வெயில். சரோ போனதும் வதனியைக் குசினிப் படியில் இருத்தி, கையைப் பிடித்திருந்தேன். பால் பொங்கியது. இறக்கி வைத்துத் திரும்ப, படியில் ஆளில்லை.

கிணறு. உடைந்த பக்கத்தில் குப்புறக் கிடந்தாள். தலை உள்ளே தொங்க, தண்ணீரைப் பார்த்துச் சிரிப்பு. கத்திப் பயனில்லை. ஓடினால் துள்ளுவாள். முழங்காலில் ஊர்ந்தேன். சட்டையைப் பிடிக்கக் கிழிந்தது. காலைப் பிடித்து இழுத்தேன்.

மதியம் சரோ: "சட்டை என்னண்டு கிழிஞ்சது?"

"ஆணி கொளுவினது."

என் வெள்ளைச் சேலையில் செம்மண். பார்த்தாள். பிள்ளையின் கை, கால், முதுகு எல்லாம் தடவிப் பார்த்தாள். சந்தேகம். என்மேல்!

17.8.92, திங்கள்
காற்று கொஞ்சம் தணிவு. இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. விடிந்ததும் சரோவிடம் நடந்ததைச் சொன்னேன்.

"தெரியும், அன்ரி. சேலையிலை மண்ணைக் கண்டனான்."

பிறகு ஏன் கேட்கவில்லை? கேட்டிருக்கலாம்.

கிணற்றின் உடைந்த பக்கத்தை அடைத்துப் பனஞ்சலாகை அடிக்க ஆள் புதன் வருவதாகச் சொன்னான். நம்பிக்கை இல்லை.
காலமான என் கணவருடைய வேட்டி ஒன்றைக் கிழித்தேன். மெல்லிய துணி, தோலை அறுக்காது. ஒரு நுனி வதனியின் இடுப்பில், மற்றது என் இடுப்பில்.

சரோ நிற்கவே அரை மணித்தியாலம் ஒத்திகை. முருங்கையடி, கோழிக்கூடு, திரும்ப முருங்கையடி. வதனி இழுத்த பக்கம் நான். கிணற்றுப் பக்கம் மூன்று தரம் இழுத்தாள். காலை ஊன்றி நின்றேன். நல்ல பலம் பிள்ளைக்கு.

பக்கத்து வீட்டு மனோன்மணி வேலிக்கு மேலால்: "என்னக்கா, ஆர் ஆரைக் கட்டி வச்சிருக்கிறது?"

முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினேன்.

சரோ பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். படலையடியில் நின்று முடிச்சைப் பார்த்தாள். ஒழுங்கையில் இறங்கி இன்னும் இரண்டு தரம் திரும்பினாள். நானாக இருந்தால் போயே இருக்கமாட்டேன்.